சாக்பீஸ் யார் கணக்கில்?

ஏப்ரல் முதல் தேதி புதுச்சேரியில் இரண்டு கணக்குகள் ஒன்றாகத் தொடங்குகின்றன. ஒன்று அரசின் நிதியாண்டு, இன்னொன்று பள்ளிக்கூடத்தின் புது வகுப்பு. அரசுப் பள்ளிகள் சிபிஎஸ்இக்கு மாறிய பிறகு, முன்பு ஜூனில் தொடங்கிய கல்வியாண்டு 2024 முதல் ஏப்ரலுக்கு வந்துவிட்டது. அன்று காலை மணி அடித்ததும் பிள்ளைகள் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். பணம் அப்படி வந்து உட்காராது. போன ஆண்டுக் கணக்கு முந்தைய நாளோடு மூடியாயிற்று, செலவாகாமல் நின்ற மானியம் கைவிட்டுப் போயிற்று, புது ஒதுக்கீடு இன்னும் கோப்பில் இருக்கிறது. வில்லியனூர், பாகூர் கொம்யூன் பஞ்சாயத்துகளின் கிராமத்துத் தொடக்கப்பள்ளிகளில் அந்த இடைவெளியை நிரப்புவது ஆசிரியரின் கைக்காசு.

என்னென்ன வாங்குகிறார்கள் என்று பார்த்தால் சிரிப்பு வரும், அவ்வளவு சின்னச் சாமான்கள். தூள் அதிகம் பறக்காத சாக்பீஸ், டஸ்டர், சார்ட் பேப்பர், ஸ்கெட்ச் பேனா, ஃபெவிகால், செல்லோடேப், ஏ4 தாள் ஒரு கட்டு, ஸ்டேப்ளர் பின். வெறும் கையோடு வரும் பிள்ளைக்குப் பென்சில், ரப்பர், ஷார்ப்னர். புதுச்சேரி அரசுத் தொடக்கப்பள்ளிகளில் எல்கேஜி, யுகேஜியும் உண்டு என்பதால் பட்டியல் அந்தப் பக்கமும் நீளும்: கிரேயான், களிமண், படம் ஒட்டிய அட்டைகள், அம்மாவைத் தேடி அழும் பிள்ளைக்கு ஒரு பாக்கெட் பிஸ்கட், நனைத்துக்கொண்ட பிள்ளைக்கு மாற்று ஜட்டி. சில இடங்களில் துடைப்பமும் பினாயிலும்கூட டீச்சரின் பையில்தான் வந்து இறங்கும். ஒவ்வொன்றும் இருபது ரூபாய், ஐம்பது ரூபாய்ச் சமாசாரம். அதனால் யாரும் எழுதி வைப்பதில்லை. எழுதாத செலவு என்பதால் எந்த அதிகாரியின் மேசையிலும் அது ஒரு செலவாகவே இல்லை.

சாக்பீஸும் சார்ட்டும் வில்லியனூர் கடைத்தெருவிலோ பாகூரிலோ கிடைத்துவிடும். நல்ல கலர் பிரிண்ட், லேமினேஷன், விளையாட்டுச் சாமான் என்றால் பாண்டிக்குத்தான் பஸ் ஏற வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காந்தி வீதியில் கடை விரிக்கும் சண்டே மார்க்கெட்டில் பேரம் பேசினால் பழைய படப் புத்தகங்களும் பொம்மைகளும் மலிவாகக் கிடைக்கும். லீவு நாளும் பஸ் காசும்கூட இந்தக் கணக்கில் சேர வேண்டியவைதான். சேர்ப்பார் யாருமில்லை.

இதைச் சொல்லும்போதே அரசு ஒன்றும் தருவதில்லை என்று யாராவது நினைத்துக்கொண்டால் அது அநியாயம். பள்ளிப் பிள்ளைகளுக்கு வாரி வழங்கும் விஷயத்தில் புதுச்சேரி பழைய கை. பிரெஞ்சு ஆட்சியில் 1930-லேயே இங்கே மதிய உணவு தொடங்கியது. காலையில் பாலும் ரொட்டியும் கொடுக்க ராஜீவ் காந்தி பெயரில் ஒரு திட்டம் வந்து, அதில் வேலை பார்ப்பவர்களுக்கு ‘ரொட்டிப்பால் ஊழியர்’ என்ற பெயரே நிலைத்துவிட்டது. பாடநூல் உண்டு, சீருடை உண்டு. கிராமத்துப் பிள்ளைகளை ஏற்றி வர ஒரு ரூபாய் டிக்கெட்டில் ஓடிய மாணவர் சிறப்புப் பேருந்தை இந்தப் பக்கத்தில் அறியாதவர் இல்லை. கட்டடம், கழிப்பறை, கணினி என்று பள்ளிக்கு வருவதும் உண்டு.

பிள்ளைக்கு என்று ஒரு கணக்கு இருக்கிறது, பள்ளிக்கு என்று ஒன்று இருக்கிறது. நடுவில் இருக்கும் வகுப்பறைக்கு என்று தனியாக எதுவும் இல்லை. சீருடை போட்ட பிள்ளை, பாடநூலோடு, மின்விசிறி சுற்றும் அறையில் உட்கார்ந்திருக்கிறது. சுவரில் என்ன தொங்க வேண்டும், கையில் எண்ணுவதற்கு என்ன இருக்க வேண்டும், எழுதிப் பார்க்கத் தாள் எங்கிருந்து வர வேண்டும் என்பதெல்லாம் ஆசிரியரின் ‘ஆர்வம்’ என்ற தலைப்பில் போய்விடுகிறது.

சட்டம் இப்படிச் சொல்லவில்லை என்பதுதான் வேடிக்கை. 2010 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கும் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையில், கட்டடத்துக்கும் ஆசிரியர் எண்ணிக்கைக்கும் கீழே, கற்பித்தல் கற்றல் கருவிகள் ஒவ்வொரு வகுப்புக்கும் தேவைக்கேற்பத் தரப்பட வேண்டும் என்று எழுதியிருக்கிறது. விளையாட்டுப் பொருள்களுக்கும் அதே வாசகம்தான். அளவுகோல் வகுப்பு, பள்ளி அல்ல.

இனி, வருகிற பணத்தைப் பார்ப்போம். சமக்ர சிக்ஷா திட்டத்தில் ஒவ்வொரு அரசுப் பள்ளிக்கும் ஆண்டுதோறும் ஒருங்கிணைந்த பள்ளி மானியம் உண்டு. 30 பிள்ளைகள் வரை உள்ள பள்ளிக்கு 10,000 ரூபாய், 100 வரை 25,000, 250 வரை 50,000, 1,000 வரை 75,000, அதற்கு மேல் ஒரு லட்சம். இதில் குறைந்தது 10 சதவீதம் தூய்மைப் பணிக்குப் போக வேண்டும். மீதியில் பழுதான கருவிகளை மாற்றுவது, விளையாட்டுச் சாமான், ஆய்வகம், மின்கட்டணம், இணையம், தண்ணீர், கற்பித்தல் கருவி எல்லாம் அடங்க வேண்டும் என்கிறது வழிகாட்டுதல்.

கிராமத்துத் தொடக்கப்பள்ளிகளில் பிள்ளைகள் எண்ணிக்கை சுருங்கிக்கொண்டே வரும் காலம் இது. 30 பேர் படிக்கும் பள்ளி ஒன்றை எடுத்துக்கொள்வோம். பத்தாயிரத்தில் தூய்மைக்கு ஆயிரம் போக ஒன்பதாயிரம். தொடக்கப்பள்ளிக்குச் சட்டம் சொல்லும் குறைந்தபட்ச வேலை நாள் 200. வகுத்தால் நாளைக்கு 45 ரூபாய். மொத்தப் பள்ளிக்கும் சேர்த்து, எல்லாச் செலவுக்கும் சேர்த்து. பிள்ளைகள் குறைந்தால் மானியமும் குறையும். ஆனால் 30 பேருக்கு எழுதினாலும் 60 பேருக்கு எழுதினாலும் கரும்பலகையில் தேயும் சாக்பீஸ் ஒன்றுதான். சின்னப் பள்ளிக்குச் செலவும் சின்னது என்று நினைத்தவர்கள் பள்ளிக்கூடம் நடத்திப் பார்த்தவர்களாக இருக்க முடியாது.

தொகையைவிடத் தேதிதான் பெரிய தொல்லை. பள்ளி மானியங்கள் பாதி ஆண்டு போன பிறகே பள்ளிகளை எட்டுகின்றன என்பதை, நாட்டின் பல மாநிலங்களில் நடந்த ‘பெய்சா’ கள ஆய்வுகள் 2009 முதலே திரும்பத் திரும்பக் காட்டின. புதுச்சேரிக்கு இதில் சொந்தமாக ஒரு சிக்கல் உண்டு. முழு பட்ஜெட்டை மார்ச்சுக்குள் முடிக்கும் வழக்கம் இங்கே பல ஆண்டுகள் இல்லை. மார்ச்சில் இடைக்காலச் செலவுக்கு அனுமதி வாங்கிக்கொண்டு, பட்ஜெட்டைப் பிறகு போடுவார்கள். 2023-ல் முழு பட்ஜெட் மார்ச்சிலேயே வந்தபோது அதுவே செய்தியானது. அடுத்த ஆண்டு மறுபடி ஆகஸ்ட். மத்திய அரசு 60, புதுச்சேரி 40 என்று பங்கு போட்டு ஓடும் திட்டத்தில் இரண்டு கையும் சேர்ந்தால்தான் ஓசை வரும்.

பணம் வந்த பிறகும் எளிதில்லை. 2021-க்குப் பிறகு இந்த நிதியெல்லாம் ஒரே தலைமைக் கணக்கில் இருக்கும். பள்ளியின் கணக்கில் தொகையாக நிற்காது, செலவு செய்யும் வரம்பாக மட்டும் தெரியும். கணினியில் கடைக்காரரின் வங்கி விவரத்தை ஏற்றி, ஒப்புதல் வாங்கிப் பணம் அனுப்ப வேண்டும். முறைகேட்டைத் தடுக்க நல்ல ஏற்பாடுதான். பத்து டேபிள், இருபது நாற்காலி வாங்கும்போது சரிப்படும். இரண்டாம் வகுப்பில் நாளைக் காலை பெருக்கல் கற்றுத் தர நாலு முழம் நூலும் நூறு மணிகளும் வேண்டும் என்றால் எந்தக் கடைக்காரர் இதற்கெல்லாம் பில்லும் வங்கி விவரமும் எழுதித் தருவார்? அந்த எரிச்சலுக்கு இருபது ரூபாயைப் பையிலிருந்து எடுத்து வீசிவிடுவது மேல் என்று ஆசிரியருக்குத் தோன்றுவது இயற்கை.

ஒரு காலத்தில் இதற்கென்று ஒரு ஏற்பாடு இருந்தது. சர்வ சிக்ஷா அபியான் நாள்களில் ஒவ்வொரு ஆசிரியருக்கும் ஆண்டுக்கு 500 ரூபாய், டி.எல்.எம். எனப்படும் கற்பித்தல் கருவிகள் செய்வதற்கு என்று தனியாகக் கொடுத்தார்கள். பெரிய தொகை அல்ல. விலைவாசி ஏறினாலும் அது 500-ஐத் தாண்டவில்லை. ஆனால் அது ஆசிரியர் தன் வகுப்பைப் பார்த்துத் தானே முடிவு செய்து செலவழிக்கக் கூடிய பணம். தெர்மோகோலும் கலர் பேப்பருமாக அதைக் கரைத்துவிட்டார்கள் என்ற புகார் அப்போது உண்டு, அதில் கொஞ்சம் உண்மையும் உண்டு. 2018-ல் பழைய திட்டங்களை இணைத்து சமக்ர சிக்ஷா வந்தபோது தனித்தனி மானியங்களுக்குப் பதில் ஒருங்கிணைந்த மானியம் என்றானது. ஆசிரியர் கைக்கு என்று தனியாக வரும் தொகைக்கு அதில் இடமில்லை. 2021-ல் தொடங்கிய நிபுண் பாரத் திட்டம் சின்ன வகுப்புகளுக்குக் கற்றல் பொருள்கள் என்று ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு 500 ரூபாய் வரையும், கையேடு முதலியவற்றுக்கு ஆசிரியருக்கு 150 ரூபாயும் அனுமதிக்கிறது. இது பெரும்பாலும் அச்சிட்ட புத்தகமாகவும் பெட்டியாகவும் மேலிருந்து இறங்குகிறது. பெட்டி நன்றாகவே இருக்கலாம். ஆனால் பாகூர்ப் பக்கத்து இருளஞ்சந்தைப் பிள்ளைக்கு எந்தப் படம் புரியும் என்பது பெட்டி செய்தவருக்குத் தெரியாது.

பாடத்திட்டம் மாறியதும் சேர்ந்துகொண்டது. 2023-24-ல் ஆறு முதல் ஒன்பது வரையும் பதினொன்றாம் வகுப்பும், அடுத்த ஆண்டு பத்தும் பன்னிரண்டும் சிபிஎஸ்இக்குப் போயின. அதுவரை தமிழ்நாட்டுப் பாடநூலில் படித்த பிள்ளைகள் என்சிஇஆர்டி ஆங்கிலத்துக்கு முன்னால் உட்கார்ந்தார்கள். சேலியமேட்டிலும் கரையாம்புத்தூரிலும் வயல் வேலைக்குப் போகும் வீட்டிலிருந்து வரும் பிள்ளைக்கு அந்த ஆங்கிலத்தை அப்படியே கொடுத்தால் புரியாது. ஆசிரியர்கள் குறிப்பெடுத்து, சுருக்கி, தமிழ் விளக்கம் சேர்த்து, ஜெராக்ஸ் போட்டுக் கொடுக்கிறார்கள். பக்கத்துக்கு இத்தனை என்று எண்ணிக் காசு வாங்கும் கடை அது. மாதிரி வினாத்தாள், ஒர்க்‌ஷீட், புராஜெக்ட் அட்டை என்று வாரம் தவறாமல் ஏதாவது ஒன்று. போதாக்குறைக்கு, பிள்ளைகளின் விவரங்களை இணையத்தில் ஏற்றும் வேலை முழுவதும் ஆசிரியரின் சொந்தப் போனிலும் சொந்த டேட்டாவிலும் நடக்கிறது. அலுவலக வேலைக்குச் சொந்தப் பேனாவைக் கொண்டுவரச் சொன்னால் தலைமைச் செயலகத்தில் எத்தனை பேர் சும்மா இருப்பார்கள்?

புதுச்சேரியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே போனால் மரக்காணம். அதையடுத்த கந்தாடு கிராமத்து ஊராட்சி ஒன்றியப் பள்ளி 2017-ல் நாடெங்கும் பேசப்பட்டது. அங்கே மூன்றாம் வகுப்பு ஆசிரியை அன்னபூர்ணா மோகன் தன் நகையைப் பணமாக்கி, ஒன்றரை லட்சம் ரூபாய் அளவுக்குச் செலவழித்து, வகுப்பறைக்கு ஸ்மார்ட் போர்டும் மேசை நாற்காலியும் ஆங்கிலப் புத்தகங்களும் வாங்கிப் போட்டார். பத்திரிகைகள் கொண்டாடின. கொண்டாட வேண்டியதுதான், பிள்ளைகள் ஆங்கிலம் பேச வேண்டும் என்ற தவிப்பில் அவர் செய்ததை யாரும் குறைத்துப் பேச முடியாது.

ஆனால் இந்த மாதிரிச் செய்திகளை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு சங்கடம். கழுத்துச் சங்கிலியைக் கழற்றினால்தான் ஒரு வகுப்பறை வகுப்பறையாகும் என்றால், அந்தச் செய்தியின் தலைப்பில் வர வேண்டியது பாராட்டா? நல்லாசிரியர் விருது மேடைகளிலும் ‘சொந்தச் செலவில்’ என்ற இரண்டு சொற்களுக்குக் கைதட்டல் கூடுதல். மேடையில் கைதட்டும் அதிகாரி, தன் துறை செய்யாமல் விட்டதை இன்னொருவர் செய்ததற்குத்தான் கைதட்டுகிறார் என்பது அந்த நேரத்தில் யாருக்கும் உறைப்பதில்லை. அடுத்த கட்டம் இன்னும் மோசம். பக்கத்துப் பள்ளி ஆசிரியர் செய்தாரே, நீங்கள் ஏன் செய்யவில்லை என்று ஆய்வுக்கு வருபவர் கேட்கத் தொடங்குகிறார். கொடை அப்படித்தான் கடமையாகிறது.

“வாங்குகிற சம்பளத்துக்கு ஐநூறு ரூபாய் செலவழித்தால் குறைந்தா போய்விடுவார்கள்?” என்ற கேள்வி டீக்கடையில் எழும், எனக்குத் தெரியும். புதுச்சேரியில் நிரந்தர ஆசிரியருக்கு மத்திய அரசு ஊதிய விகிதம். வயலிலும் சேதராப்பட்டுத் தொழிற்பேட்டையிலும் உழைக்கும் பெற்றோரின் வருமானத்தோடு வைத்துப் பார்த்தால் அது நல்ல சம்பளம்தான். இதை மறைத்துப் பேசுவதில் பயனில்லை. ஆனால் எல்லோரும் நிரந்தரமல்ல. மழலை வகுப்புகளைப் பார்த்துக்கொள்ளும் பாலசேவிகாக்களும் ஒப்பந்த ஆசிரியர்களும் அந்தச் சம்பளத்தில் சிறு பங்கை வாங்கிக்கொண்டு நிரந்தரம் கேட்டுத் தெருவில் நிற்பதைப் புதுச்சேரி அடிக்கடி பார்க்கிறது. அதிகம் செலவு கேட்கும் வகுப்பு மழலை வகுப்பு. குறைந்த சம்பளத்தில் இருப்பவரும் அங்கேதான் இருக்கிறார்.

தவிர, சம்பளம் பார்த்து நியாயம் சொல்லத் தொடங்கினால் அது ஆசிரியரோடு நிற்குமா? மருத்துவரும் நல்ல சம்பளம்தான் வாங்குகிறார். பஞ்சும் டிங்ச்சரும் அவர் வாங்கி வரட்டும் என்று யாரும் சொல்வதில்லை.

பணக்கார அமெரிக்காவிலும் இதே கதைதான். 2014-15 கல்வியாண்டில் அங்கே அரசுப் பள்ளி ஆசிரியர்களில் 94 சதவீதம் பேர் சொந்தப் பணத்தில் வகுப்புக்குப் பொருள் வாங்கினார்கள், செலவழித்தவர்களின் சராசரி 479 டாலர் என்று அந்நாட்டுக் கல்விப் புள்ளிவிவர மையம் கணக்கெடுத்தது. 2002 முதல் இந்தச் செலவில் 250 டாலரை வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம்; 2022-ல் அது 300 ஆனது. அவர்களும் தீர்த்துவிடவில்லை. ஆனால் எண்ணியிருக்கிறார்கள், வரிப் படிவத்தில் ஒரு வரி ஒதுக்கியிருக்கிறார்கள். இங்கே சம்பளக்காரர் எல்லோருக்கும் உள்ள நிலையான கழிவோடு சரி. சாக்பீஸுக்கு என்று தனிக் கழிவு கிடையாது.

பாடத்துக்குப் பணம் எங்கிருந்து வரும் என்ற பேச்சு பாகூர் மண்ணுக்குப் புதிதல்ல. 9-ஆம் நூற்றாண்டில் பல்லவன் நிருபதுங்கவர்மனின் 8-ஆம் ஆட்சியாண்டில் வெட்டிய பாகூர்ச் செப்பேடு, அன்று வாகூர் எனப்பட்ட இந்த ஊரின் வித்யாஸ்தானம் என்ற கல்விக்கூடத்துக்கு மூன்று ஊர்களின் வருவாயை எழுதி வைக்கிறது. வில்லியனூரைத் தாண்டி விழுப்புரம் சாலையில் இருக்கும் திருபுவனையில் 1048-ஐச் சேர்ந்த சோழர் கல்வெட்டு, 260 மாணவர்களும் 12 ஆசிரியர்களும் இருந்த கல்லூரிக்கு 72 வேலி நிலம் விட்டதைச் சொல்கிறது. வேதமும் சாத்திரமும் ஒரு பிரிவினர் மட்டும் படித்த இடங்கள் அவை. இன்றைய கிராமத்துப் பிள்ளைகளின் முன்னோருக்கு அங்கே இடமிருந்திருக்காது. அந்தக் காலத்துக்கு ஏங்க ஒன்றுமில்லை. நிதி ஏற்பாட்டை மட்டும் பாருங்கள். ஓர் ஆண்டுக்கு எவ்வளவு நெல் வேண்டும், எந்த நிலத்திலிருந்து வரும் என்று முதலிலேயே முடித்துவிட்டுத்தான் பாடம் தொடங்கியிருக்கிறார்கள்.

பிற்காலத்திலும் இந்தப் பகுதிக்கு ஆசிரியர் பெருமை உண்டு. 1909-ல் காரைக்கால் பக்கம் நிரவியில் வேலைக்குச் சேர்ந்த பாரதிதாசன் 1946 வரை அரசுப் பள்ளி ஆசிரியர். அவருடைய மாணவர் வாணிதாசன் வில்லியனூரில் பிறந்து, சேலியமேட்டில் வாழ்ந்து, அவரும் ஆசிரியராகவே இருந்தார். இருவரையும் சிலையாகவும் விழாவாகவும் கொண்டாடுகிறோம். சிலைக்கு ஒதுக்கீடு தவறுவதில்லை.

கிராமத்தில் பள்ளிக்கு ஒரு குறை என்றால் யாரிடம் போய்ச் சொல்வது என்பதும் இங்கே சிக்கல். பள்ளிகள் கல்வித் துறையின் கையில் இருந்தாலும், வாசலில் நின்று கேட்க உள்ளூரில் ஓர் உறுப்பினர் இருந்தால் கோப்பு நகரும். வில்லியனூர் கொம்யூனைச் சேர்ந்த கீழூரில்தான் 1954 அக்டோபர் 18 அன்று 178 மக்கள் பிரதிநிதிகள் கூடி, 170 பேர் இந்தியாவோடு இணைய வாக்களித்தார்கள். கொம்யூன்களின் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்கள் ஒரு நாட்டின் தலைவிதியையே முடிவு செய்த இடம் அது. அதே கொம்யூன்களுக்கு 1968-க்குப் பிறகு 38 ஆண்டுகள் கழித்து 2006-ல்தான் தேர்தல் நடந்தது. 2011-ல் அப்போது தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் காலம் முடிந்தது, அதன் பிறகு தேர்தல் இல்லை. 2021-ல் அறிவிப்பு வரை வந்து வழக்கில் நின்றது. கொம்யூன் பஞ்சாயத்து அலுவலகத்தில் ஆணையர் இருக்கிறார், உறுப்பினர் இல்லை.

வெள்ளம் வந்தால் இந்த ஓட்டைகள் எல்லாம் ஒன்றாகத் தெரியும். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தது. அதற்கடுத்த நாள்களில் சாத்தனூர் அணையிலிருந்து திறந்துவிட்ட தண்ணீர் தென்பெண்ணையில் பெருகி, சோரியாங்குப்பம், குருவிநத்தம், இருளஞ்சந்தை என்று பாகூர் கொம்யூனின் ஆற்றோர ஊர்களுக்குள் புகுந்தது. வீட்டுச் சாமானோடு பையும் புத்தகமும் போயின. நிவாரணம் அட்டைக்கு இவ்வளவு என்று வீட்டுக்கு வரும், கணக்கெடுப்பு கட்டடத்துக்கு நடக்கும். ஊறிப்போன சார்ட்டையும் ஃபிளாஷ் கார்டையும் எந்தப் படிவத்தில் எழுதுவது?

நன்கொடை ஒரு வழி. தமிழ்நாட்டில் 1950-களின் கடைசியில் காமராஜர் ஆட்சியில், நெ.து. சுந்தரவடிவேலு கல்வி இயக்குநராக இருந்தபோது, ஊர் ஊராகப் பள்ளிச் சீரமைப்பு மாநாடு போட்டு ஊராரிடம் மேசையும் மணியும் கடிகாரமும் வாங்கினார்கள். 2022 டிசம்பரில் தொடங்கிய ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊருப் பள்ளி’ அதன் இணைய வடிவம். புதுச்சேரிக் கிராமங்களிலும் முன்னாள் மாணவர்கள், தொழிற்சாலைகள், சங்கங்கள் உதவுவது உண்டு. ஆனால் கொடையாளிகளுக்குப் பெயர் எழுத இடமுள்ள பொருள்தான் பிடிக்கிறது: பீரோ, மின்விசிறி, குடிநீர் இயந்திரம். சாக்பீஸில் ‘அன்பளிப்பு’ என்று எழுத முடியாது.

அரசு அலுவலகங்களில் சில்லறைச் செலவுக்கு நிரந்தர முன்பணம் என்று ஒரு தொகை கையில் வைத்துக்கொள்ளும் முறை நெடுங்காலமாக உண்டு. சிறு தொகைக்கு விலைப்புள்ளி கேட்காமலே வாங்கிக்கொள்ள மத்திய அரசின் பொது நிதி விதிகளும் இடம் தருகின்றன. அதை வகுப்பறை வரை நீட்டுவதற்குப் புதுச் சட்டம் எதுவும் வேண்டாம். ஓர் ஆசிரியருக்கு ஆண்டுக்கு 2,000 ரூபாய், ஏப்ரலுக்கு முன்பே, ஒரு பக்கக் கணக்கு எழுதிக் கொடுத்தால் போதும் என்ற நிபந்தனையோடு. ஆயிரம் ஆசிரியர்களுக்கு 20 லட்சம் ஆகும். 2024-25-ல் புதுச்சேரி போட்ட பட்ஜெட் 12,700 கோடி.

அதுவரை பெற்றோர் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. கல்வி உரிமைச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு ஒவ்வொரு அரசுப் பள்ளியிலும் மேலாண்மைக் குழு கேட்கிறது. அதில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். பள்ளிக்கு வரும் மானியம் எப்படிச் செலவாகிறது என்று கண்காணிப்பது அந்தக் குழுவுக்குச் சட்டமே கொடுத்த வேலை. பல ஊர்களில் அது கையெழுத்துப் போடும் கூட்டமாக முடிந்துபோகிறது. அடுத்த கூட்டத்தில் யாராவது ஓர் அம்மா எழுந்து, இந்த ஆண்டு மானியம் எந்தத் தேதியில் வந்தது, அதற்கு முன்னால் வாங்கிய பொருள்களுக்கு யார் காசு கொடுத்தார்கள் என்று கேட்டு, பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லலாம். எழுதிய பக்கத்தின் நகலைப் பள்ளித் துணை ஆய்வாளருக்கு அனுப்பலாம். நகல் எடுக்கும் செலவை மட்டும் டீச்சர் தலையில் கட்டாமல் இருந்தால் சரி.